ஓருயிரே ஓருலகம்

பெங்களூரின் மைசூர்ச் சாலை வழியே செல்லும்போது நம் கண்கள் எதிரே வரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கும். இருபுறமும் என்ன இருக்கின்றது என்று நோக்க நேரம் கிடைப்பதில்லை. அச்சாலையோரத்தில் சிறிய இடுகாடு ஒன்று உள்ளது. நம் சங்கத்துக் குடும்பத்தினர் பலர் அதனைப் பன்முறை கடந்திருப்பர். அது யாருக்கு உரியது என்று வினவியவர் சிலராகவே இருப்பர். அது யூத மக்களின் இடுகாடு. 1904-ஆம் ஆண்டில் மைசூர் அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அதற்குரிய நிலத்தை அவர்களுக்கு அளித்தார்.

இந்நகரில் வாழ்ந்த யூதர்கள் என்றுமே மிகச் சிலர்தாம். வணிகத்தின் பொருட்டு வந்தவர் சிலர். படைப்பணியின் பொருட்டு வந்தவர் சிலர். கமர்சியல் தெருவில் கடை நடத்திய ரூபின் மோசஸ் அவர்களுள் பெயர் பெற்றவர். நம்மைப் போலவே பிழைப்பு நாடி வேற்றூர் வந்தவர்கள். நம்மைப் போலவே வீட்டில் ஒரு மொழியும் வீதியில் வேறொரு மொழியும் பேசியவர்கள். ஆனால் நம்மைப் போல் எண்ணிக்கையில் மிக்கவர்கள் அல்லர். சில வீட்டாரே ஆயினும், தம் முறைப்படி மண்ணில் துயில அவர்களுக்கும் ஓரிடம் வேண்டும் என்று ஓர் அரசர் எண்ணினார். தலைகளை எண்ணிப் பார்த்து மதிப்பை அளவிடாத செயல் அது.

தலைகளை எண்ணி மதிப்பிடலாகாது என்பதையே அம்மக்களின் மறைநூல்களும் வலியுறுத்துகின்றன. அக்கருத்து யாது, அதனை அவர்கள் எவ்வாறு காத்தனர், எங்கே காக்கத் தவறினர் என்பவற்றை நம் குடும்பத்தாருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பிறர் வீட்டுக் கதையைச் சொல்லிப் பொழுது போக்குவது என் நோக்கமன்று. அந்தக் கதையின் இறுதியில் நம் வீட்டுக் கதவும் இருக்கின்றது.

வெள்ளிக் கூடையும் ஓலைக் கூடையும்

யூதர்களின் பெருநூலாகிய தால்மூதில் இறந்தோர் வீட்டைப் பற்றிய செய்திகள் சில உள்ளன. முற்காலத்தில் துக்க வீட்டிற்கு உணவு கொண்டு செல்வோருள் செல்வர் வெள்ளிக் கூடைகளிலும், வறியோர் தோலுரித்த அலரிக் குச்சிகளால் பின்னிய எளிய கூடைகளிலும் கொண்டு சென்றனராம். வறியோர் நாணினர். அந்நாணத்தைக் கண்ட சான்றோர், இனி எல்லாரும் எளிய கூடையிலேயே கொண்டு செல்க என்று விதித்தனர். செல்வர் வெண்ணிறக் கண்ணாடிக் குவளையிலும், வறியோர் நிறம் தோய்ந்த குவளையிலும் பானம் அளித்து வந்தனர். எல்லாரும் நிறக் குவளையிலேயே அளிக்க என்று ஆணை பிறந்தது.

சவ அடக்கத்திற்கான செலவு, இறப்பைக் காட்டிலும் பெருந்துயரமாகச் சுற்றத்தாரை அழுத்திய காலமும் ஒன்று இருந்தது. ஆடம்பரமான ஆடை போர்த்த இயலாமல், உடலை விட்டுவிட்டு ஓடியவரும் உண்டாம். அப்போது ரப்பான் கமாலியேல் என்னும் பெருந்தலைவர், தாம் இறந்தபின் எளிய நார்த்துணியிலேயே தம்மை அடக்கம் செய்யுமாறு செய்தார். தலைவருக்கே அவ்வாறு ஆனபின் மற்றவர்க்கு நாணம் ஏது? அன்று தொடங்கிய எளிய வெள்ளைத்துணி வழக்கம் இன்றளவும் அவர்களிடையே நிலவுகின்றது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வறியோருக்கு வெள்ளிக் கூடை வாங்கித் தருவோம் என்று அச்சான்றோர் கூறவில்லை. செல்வரின் கையிலிருந்த வெள்ளிக் கூடையைக் கீழே வைக்கச் செய்தனர். உதவி பெறுவோனின் வயிற்றை மட்டும் பார்க்காமல் அவனுடைய முகத்தையும் பார்த்த அறம் இது. சொந்தக்காரர் எவருமின்றிக் கிடக்கும் உடலை அடக்கம் செய்வது எல்லாருக்கும் கடமை என்றும், சாவுத் தீட்டு அணுகலாகாத தலைமைக் குருவே வழியில் அத்தகைய உடலைக் கண்டாலும் தம் ஆசாரத்தை ஒதுக்கிவிட்டு அதனை அடக்கம் செய்தல் வேண்டும் என்றும் அவர்கள் வகுத்துள்ளனர்.

சாட்சிக்கு ஓர் எச்சரிக்கை

ஏறத்தாழக் கி.பி. 200-ஆம் ஆண்டில், தலைவர் யூதா என்பவர் யூதர்களின் வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்தார். அத்தொகுப்பிற்கு மிஷ்னா என்று பெயர். அதனுள் நீதிமன்றங்களைப் பற்றிய பகுதி சன்ஹெத்ரின். மரண தண்டனைக்குரிய வழக்கில் சாட்சி சொல்ல வருவோரை நீதிபதிகள் எவ்வாறு எச்சரிக்க வேண்டும் என்று அது விரித்துரைக்கின்றது.

பொருள் வழக்கில் தவறாகச் சாட்சி சொன்னவன் பொருளைக் கொடுத்து ஈடு செய்துவிடலாம். உயிர் வழக்கில் அவ்வாறு ஈடு செய்ய முடியாது என்று அவர்கள் தொடங்குவர். இறந்தவனுடைய குருதி மட்டுமன்று, அவனுக்குப் பிறக்க வேண்டியிருந்த தலைமுறைகளின் குருதியும் பொய்ச்சாட்சியின் தலைமேல் விழும் என்பர். பின்னர் அவர்கள் கேட்பது வியப்புக்குரியது. இறைவன் நினைத்திருந்தால் ஒரே நாளில் ஓர் ஊர் நிறைய மக்களைப் படைத்திருக்கலாமே. ஏன் ஒரே ஒரு மனிதனை மட்டும் முதலில் படைத்தான்? அதற்கு அவர்கள் கூறும் விடைகள் சில.

முதலாவது, ஒரு தனி மனிதனிடமிருந்தே உலகம் முழுவதும் தோன்றியமையால், ஓருயிரை அழித்தவன் ஓருலகையே அழித்தவன் ஆகிறான். ஓருயிரைக் காத்தவன் ஓருலகையே காத்தவன் ஆகிறான். இரண்டாவது, மக்களிடையே அமைதி நிலவ வேண்டும். என் தந்தை உன் தந்தையினும் உயர்ந்தவர் என்று ஒருவன் மற்றொருவனிடம் சொல்ல இடம் இருத்தலாகாது. எல்லாருக்கும் தந்தை ஒருவரே அல்லவா?

மூன்றாவது விடை, அரசனுடைய அக்கசாலையை உவமையாகக் கொண்டது. மனிதன் ஒரே அச்சினால் ஆயிரம் நாணயங்களை அடித்தால் ஆயிரமும் ஒன்றுபோலவே இருக்கும். இறைவனோ எல்லா மனிதரையும் முதல் மனிதனின் அச்சினாலேயே அடிக்கிறான். ஆயினும் ஒரு முகம்போல மற்றொரு முகம் இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு மனிதனும், இவ்வுலகம் என் பொருட்டுப் படைக்கப்பட்டது என்று எண்ணக் கடவன் என்கின்றனர்.

இதனைச் செருக்கு என்று கருதுதல் தவறு. உலகம் என் பொருட்டுப் படைக்கப்பட்டது என்றால், அதன் பொறுப்பும் என்னுடையதே. மேலும், என் எதிரே நிற்பவனும் அதே சொல்லைச் சொல்ல உரிமை உடையவன். அவ்வுரிமையை அவனுக்கு மறுத்தால் எனக்கும் அது இல்லாமற் போகும்.

இந்த மிஷ்னாப் பகுதியின் ஏடுகளில் ஒரு வேறுபாடு உண்டு. சில பிரதிகளில், இசுரவேலரின் ஓருயிர் என்று இருக்கின்றது. பழமையான பிரதிகளில் வெறுமனே ஓருயிர் என்றே இருக்கின்றது. முதல் மனிதனை வைத்து வாதம் எழுப்பிய ஆசிரியர்களுக்குப் பின்னதே பொருந்தும் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். ஒரு சொல்லை இடையே சேர்த்து அறத்தின் எல்லையைச் சுருக்க மனிதனுக்கு எவ்வளவு எளிதாக இருக்கின்றது, பாருங்கள்!

நான் புகைவண்டித் துறையில் எழுத்தராக இருப்பவன். எங்கள் தொழிலில் மனிதர் எண்களாகவே வருவர். பெட்டி எண், இருக்கை எண், காத்திருப்போர் எண் என்று எழுதி எழுதி, அவ்வெண்ணுக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கின்றது என்பதை மாலைக்குள் மறந்துவிடுகிறோம். காத்திருப்போர் பட்டியலில் நாற்பதாம் எண்ணாக இருப்பவர், தாயின் இறுதிச் சடங்கிற்குச் செல்பவராக இருக்கலாம். நாணய உவமையைப் படித்த அன்று இது என் நெஞ்சில் தைத்தது.

சட்டத்தில் இறங்கிய கருத்து

உயர்ந்த கருத்து நூலில் மட்டும் இருந்தால் பயன் இல்லை. அது கூலியிலும் கணக்கிலும் இறங்க வேண்டும். யூத மறையில் அவ்வாறு இறங்கிய இடங்கள் பல. மக்கள் கணக்கெடுப்பின்போது ஒவ்வொருவரும் அரை சேக்கல் வெள்ளி செலுத்த வேண்டும். செல்வன் மிகுதியாகச் செலுத்தலாகாது, வறியவன் குறைவாகச் செலுத்தலாகாது என்று யாத்திராகமம் விதிக்கின்றது. கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் கூறுகின்றது. ஏழாம் நாள் ஓய்வு வீட்டுத் தலைவனுக்கு மட்டுமன்று. வேலையாளுக்கும், அயலானுக்கும், கால்நடைக்கும் உரியது. அத்துணைப் புனிதமான ஓய்வுநாளையும் ஓருயிரைக் காக்கும் பொருட்டு மீறலாம், மீறியே ஆகவேண்டும்.

உண்மையை மறைத்தல் கூடாது. பழங்காலத்து மற்றச் சமுதாயங்களைப் போலவே அவர்களிடத்தும் அடிமை முறை இருந்தது. மறைநூல் அதனை முற்றும் ஒழிக்கவில்லை. ஆனால் அடிமையின் கண்ணையோ பல்லையோ ஆண்டை போக்கினால் அவனை விடுதலை செய்துவிட வேண்டும் என்றது. ஆண்டையிடமிருந்து தப்பி வந்தவனைத் திரும்ப ஒப்படைத்தல் கூடாது என்றது. நீங்களும் எகிப்தில் அடிமைகளாய் இருந்தீர்கள் என்று அவர்களுக்கு மீண்டும் மீண்டும் நினைவூட்டியது.

மறையின் தலையாய கொள்கை யாது என்று இரு பேரறிஞர் கருத்து வேறுபட்டனர். பிறனைத் தன்னைப்போல் நேசிப்பதே என்றார் அக்கிவா. பென் அசாய் என்பவரோ, ஆதாமின் வழிவந்தோரைப் பற்றிய நூல் இது என்று தொடங்கும் ஆதியாகமப் பகுதியே அதனினும் பெரிய கொள்கை என்றார். அன்பு வரலாம், போகலாம். தன்னையே வெறுக்கும் ஒருவன் பிறனையும் அவ்வாறே நடத்தக்கூடும். மனிதர் எல்லாரும் ஒரே வழியில் பிறந்தவர், இறைவனின் சாயலில் அமைந்தவர் என்ற உண்மையோ நம் விருப்பு வெறுப்பைச் சார்ந்ததன்று. நம் வள்ளுவரும் பிறப்பினால் எவ்வுயிர்க்கும் வேற்றுமை இல்லை என்று கூறியிருப்பதைத் தமிழ் மக்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கொச்சியில் நேர்ந்த குறை

யூதர்களுக்கும் நம் தென்னாட்டிற்கும் உள்ள தொடர்பு பழமையானது. சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல், நம் தோகை என்னும் சொல்லோடு தொடர்புடையது என்று கால்டுவெல் எழுதினார். சென்னையில் பவளக்காரத் தெரு என்ற பெயர், பவள வணிகம் செய்த யூதர்களை நினைவூட்டுகின்றது. எனினும் அவர்கள் ஆழ வேரூன்றிய இடம் கொச்சி நாடே. மட்டாஞ்சேரியில் அரசர் அரண்மனையை ஒட்டி 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தை நம்மில் சிலர் சுற்றுலாவில் கண்டிருக்கலாம். தரையில் பதித்த நீலமும் வெண்மையுமான சீன ஓடுகளைக் கண்டு வியந்திருக்கலாம். அந்த ஓடுகளின்மேல் யார் அமரலாம், யார் அமரலாகாது என்று நெடுங்காலம் நடந்த வழக்கை வழிகாட்டிகள் எப்போதும் சொல்வதில்லை.

கொச்சி யூதர்கள் பிரிவுகளாகப் பிரிந்திருந்தனர். பன்னெடுங்காலமாக வாழ்ந்த மலபார் யூதர் ஒரு பிரிவு. பிற்காலத்தில் ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த பரதேசி யூதர் மற்றொரு பிரிவு. பரதேசியரின் வீடுகளில் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்று யூத சமயம் தழுவியோரின் வழிவந்தோரை மெசுஹ்ராரிம் என்று அழைத்தனர். விடுவிக்கப்பட்டோர் என்பது அச்சொல்லின் பொருள். பெயரில் விடுதலை இருந்தது, வாழ்வில் இல்லை. அவர்கள் பரதேசியர் கூடத்தின் உள்ளே ஆசனத்தில் அமரலாகாது. முன்னறையிலோ வாயிற்புறத்திலோ தரையில் இருந்து தொழ வேண்டும். மறை ஓதும் முழு உரிமை அவர்களுக்கு இல்லை. பரதேசியர் வீட்டில் பெண் கொள்ளவோ கொடுக்கவோ முடியாது. இறந்தபின் அவர்களுடைய இடுகாட்டில் இடமும் இல்லை.

அறியாமையால் நேர்ந்ததா இது? அன்று. 16-ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து எகிப்து நாட்டிற்கு இதுபற்றிக் கடிதம் சென்றது. அங்கே பெரும்புகழ் பெற்றிருந்த தாவீது பென் சிம்ரா என்னும் சமய அறிஞர், முறைப்படி விடுதலையும் சமயச் சடங்கும் பெற்றவர் முழு யூதரே, அவர்களோடு மணவுறவும் கொள்ளலாம் என்று தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு கப்பலேறி வந்தது, வழக்கமோ அசையவில்லை. ஓர் உயிர் ஓர் உலகம் என்று எழுதிய நூலை உள்ளே வைத்துப் பூசித்துக்கொண்டே, ஒரு கூட்டம் உலகங்களை வாயிலில் நிறுத்தி வைத்தனர்.

இதைக் கேட்டு நம்மில் எவரும் அவர்களை இகழ வேண்டா. சாதியை அவர்கள் தம் நாட்டிலிருந்து கொண்டு வரவில்லை. சுற்றிலும் இருந்த நம்மிடத்திலிருந்தே அந்தப் பாடத்தைப் பெருமளவு கற்றுக்கொண்டனர் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

படியில் அமர்ந்த வழக்கறிஞர்

அவ்வாறு வாயிலில் நிறுத்தப்பட்டோர் குடும்பம் ஒன்றில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியிலும் பின்னர் நம் சென்னையிலும் கற்றுப் பட்டமும் சட்டக் கல்வியும் பெற்று வழக்கறிஞர் ஆனார். 1925 முதல் 1931 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் கொச்சி நாட்டுச் சட்டசபையில் உறுப்பினராய் இருந்தார். 1929-இல் லாகூரில் கூடி முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேற்றிய காங்கிரசு மாநாட்டிற்கும் சென்று வந்தார். நீதிமன்றத்தில் அவருக்கு நாற்காலி உண்டு. சட்டசபையில் நாற்காலி உண்டு. தம் இறைவனின் இல்லத்தில் மட்டும் இல்லை!

அந்நாளில் அண்மையிலேயே ஒரு பெரும் போர் நடந்தது. 1924-25-இல் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் அங்கே சென்று சிறை புகுந்ததை நாம் அறிவோம். காந்தியடிகளும் 1925 மார்ச்சில் வைக்கம் வந்தார். அப்போர்முறையைச் சேலம் தம் தொழுகைக் கூடத்திற்குக் கொண்டு சென்றார். முதலில் அக்கூடத்திற்குச் செல்வதையே நிறுத்தினார். பின்னர்த் தம் பிள்ளைகளுடன் சென்று, தடுக்கப்பட்ட இடத்தில் பொறுமையாக அமர்ந்து எதிர்ப்பைக் காட்டினார். உண்ணாநோன்பு இருக்கவும் எண்ணினார். எவர் மீதும் கை ஓங்கவில்லை. தம் சமயத்தைத் துறக்கவும் இல்லை. உங்கள் நூல் சொல்வதை நீங்கள் செய்யுங்கள் என்பதே அவர் கேட்டது. பல ஆண்டுகளில், சிறிது சிறிதாக, ஆசனத் தடையும் ஓதும் தடையும் தளர்ந்தன. யூத காந்தி என்று மக்கள் அவரை அழைத்தனர்.

1948-இல் இசுரவேல் நாடு தோன்றியபின் கொச்சி யூதர் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். அவர்கள் செல்வதற்கு உதவிய சேலம், தாம் கொச்சியிலேயே தங்கி 1967-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அக்கூடத்தின் நானூறாம் ஆண்டு விழா நடந்தது. தலைமை அமைச்சர் இந்திரா காந்தி வந்து சிறப்பித்தார். இன்று மட்டாஞ்சேரியில் யூதர் வெகு சிலரே எஞ்சியுள்ளனர். ஆசனங்கள் உள்ளன, அமர்வோர் இல்லை. இடமில்லை என்று யாரை வெளியே நிறுத்தினார்களோ, அவர்கள் வந்து அமரும் நிலை வந்தபோது ஊரே காலியாகும் காலமும் நெருங்கிவிட்டது. பிரித்து வைத்துப் பெற்ற பெருமையைக் காலம் எவ்வாறு தீர்த்து வைக்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம்மவருக்குத் துணை நின்றோர்

கடல் கடந்து சென்ற நம் முன்னோருக்கும் யூதர் சிலர் தோள் கொடுத்துள்ளனர். தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தக் கூலிகளாயும் சிறு வணிகராயும் வாழ்ந்த தமிழர் பெயரால் அல்லாமல் கூலி என்ற ஒரே சொல்லால் அழைக்கப்பட்டனர். அங்கே காந்தியடிகளுடன் நின்றவர்களுள் ஹென்றி போலக், ஹெர்மன் காலன்பாக் ஆகிய இருவரும் யூதக் குடியிற் பிறந்தவர்கள். போலக் இந்தியா வந்து எழுதிய நூலைச் சென்னையில் நடேசன் கம்பெனியார் 1909-இல் வெளியிட்டனர். கட்டடக் கலைஞராகிய காலன்பாக் 1910-இல் சுமார் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்க அளித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. அங்கே வாழ்ந்தோருள் தமிழர் பலர். 1913-இல் நடந்த பெரும் போராட்டத்தில் காந்தியடிகளைப் போலவே அவ்விருவரும் சிறை சென்றனர். அதே போராட்டத்தில் சிறை சென்று நோயுற்றுத் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தார். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஓர் உலகம் என்பதை அன்று உலகம் கண்டது.

நம் பந்தியில் யார்?

இனி நம் வீட்டுக் கதவுக்கு வருவோம். ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டால் என் மனச்சுமை சிறிது குறையும்.

சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் வீட்டு விழா ஒன்றில் பந்தி விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பாத்திரம் துலக்க வந்திருந்த அம்மையார் தருமபுரிப் பக்கத்தவர். அவருடைய மகன், எட்டு வயதிருக்கும், முதற் பந்தியில் இலைமுன் அமர்ந்திருந்தான். என் மேலதிகாரி தம் குடும்பத்துடன் வந்தார்; ஓரிடம் குறைந்தது. நான் அச்சிறுவனின் தோளைத் தட்டி, “தம்பி, நீ அப்புறம் சாப்பிடலாம், எழுந்திரு” என்றேன். அவன் எழுந்து சென்று வாயிற்படியில் நின்றுகொண்டான். அதைக் கண்ட தாய், “பரவாயில்லைங்க அண்ணா, அவன் என்னோட சாப்பிட்டுக்குவான்” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். அவர் என்னைக் கடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். அவர் குரலில் வியப்பே இல்லாமல் இருந்தது. அதுதான் என்னை இன்றும் உறுத்துகின்றது. அவ்வாறு எழுப்பப்படுவது அவருக்குப் பழகிய ஒன்று.

சேலம் அவர்களின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு அப்படியில் நின்ற சிறுவனே கண்முன் தோன்றினான். அங்கே ஆசனம், இங்கே இலை. வேறுபாடு அவ்வளவே. அங்கே தடுத்தவர்கள் யாரோ பரதேசியர். இங்கே தடுத்தவன் நான்.

நாம் இந்நகருக்கு வந்தவர்கள். மொழி வேறாக இருப்பதனால் நாமே சிலவேளை புறத்தே நிறுத்தப்படுகிறோம். வாடகை வீடு தேடும்போது அதன் கசப்பை அறிகிறோம். ஆயினும் புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் நம் தெருவிற்கு வந்தால் நாம் கேட்பது என்ன? சொந்த ஊர் எது என்று தொடங்குகிறோம். எந்தப் பக்கம் என்று நெருங்குகிறோம். என்ன ஆளுங்க என்று முடிக்கிறோம். என் தந்தை உன் தந்தையினும் உயர்ந்தவர் என்று சொல்ல இடம் தேடும் வினா அது. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நீதிபதிகள் சாட்சியிடம் எச்சரித்த அந்தப் பெருமைதான் ரயிலேறி நம்முடன் பெங்களூர் வந்திருக்கின்றது. சீட்டு வாங்காமல் வந்த அதனை இறக்கிவிடுவது நம் கடமை.

பெரிய செயல்களை நான் வேண்டவில்லை. நம் சங்க விழாக்களில் சமைப்போர், துலக்குவோர், பந்தல் இடுவோர் ஆகியோரின் பிள்ளைகளை முதற் பந்தியிலேயே அமர்த்துவோம். கூலியை அன்றைய பொழுது சாய்வதற்குள் கொடுப்போம். நன்றியுரையில் கொடையாளர் பெயரைப் படிப்பது போலவே அவர்களுடைய பெயரையும் கேட்டறிந்து படிப்போம். புதிதாக வருவோரிடம் ஊரைக் கேட்டபின் அடுத்த வினாவை நாவிலேயே நிறுத்துவோம். செல்வர் தம் வெள்ளிக் கூடையைச் சற்றே கீழே வைப்பதாக இருந்தால், கேட்பதற்கு யாருக்கும் நாணம் இராது.

அந்தச் சிறுவன் இப்பொழுது வளர்ந்திருப்பான். எங்கே இருக்கின்றானோ அறியேன். அவன் பெயரையும் அன்று நான் கேட்கவில்லை. ஒரு முழு உலகம் என் கையால் எழுப்பப்பட்டு வாயிலில் நின்றது; அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அடுத்த விழாவில் இலை போடும்போது, நம் சங்க அன்பர்கள் ஒரு முறை வாயிற்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.